அண்ணன் கூப்பிட்ட மெய்யம்மை

எனக்கும் என் சித்தப்பா மகளுக்கும் ஒரே பேரு, மெய்யம்மை. எங்க அப்பத்தா பேரை ஒவ்வொரு மகன் வீட்டுலயும் ஒரு பேத்திக்கு வைக்கிறது எங்க வழக்கம்.

காரைக்குடியில என் அண்ணன் மகன் கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்ததும், ஆலாத்தி எடுக்க, "மெய்யம்மை, வா"ன்னு அண்ணன் கூப்பிட்டாக. மாப்பிள்ளைக்குச் சொந்த அயித்தை நான்தானேன்னு தட்டைத் தூக்கிட்டேன்.

"நீயில்லத்தா, அவ"ன்னு அண்ணன் தலையைத் திருப்பிக்கிட்டாக. என் வீட்டுக்காரக தவறி ஒரு வருசம் ஆகியிருந்துச்சு. தட்டைச் சித்தப்பா மகள் கையில கொடுத்துட்டு, தலை குனியாமத்தான் நின்னேன்.

வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் சென்டர்ல புரோகிராம் எழுதப் படிச்சுக்கிட்டிருந்த என் கடைசி மகள்கிட்டச் சொன்னேன். அவ கொதிச்சுப் போனா.

"ஆத்தா, எங்க புரோகிராம்லயும் ஒரே பேருல ரெண்டு பங்சன் இருக்கும், பங்சன்னா பேரைச் சொல்லிக் கூப்பிட்டா ஒரு வேலையைச் செய்ற துண்டு. ஒண்ணு அண்ணன் மகனுக்குன்னே எழுதினது, இன்னொண்ணு எந்தச் சொந்தக்காரப் பையனுக்கும் ஆகுறது. அண்ணன் மகனைக் கொடுத்து அந்தப் பேரைக் கூப்பிட்டா, நெருங்கிப் பொருந்துறதைத்தான் கம்ப்யூட்டர் எடுக்கும். ரெண்டும் ஒண்ணுபோலப் பொருந்தினா, எதுன்னு தெரியலைன்னு நின்னுரும்."

"தாலி இருக்கான்னு பாக்காதா?"

"பாக்கச் சொல்லி நாம எழுதினாத்தான் பாக்கும்."

அதுக்கு எழுதிக்கொடுக்க ஆளு வேணும். எங்க அண்ணனுக்கு அன்னைக்கு யாரும் எழுதிக்கொடுக்கல. அவுகளாத்தான் பாத்தாக, அவுகளாத்தான் ஒதுக்கினாக. இப்பவும் ஒவ்வொரு விசேசத்துக்கும் நேர்ல வந்து கூப்பிடத்தான் செய்றாக. நான்தான் போக எந்திரிக்கிறதில்ல.