சாலவாக்கத்துக்குச் சண்டை போடப் போனேன்

உத்திரமேரூர் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் கல்வெட்டுக் கோயிலைப் பார்க்கப் போவார்கள். நான் போனது மச்சானோடு சண்டை போட. மாசி மாதம், ஒரு சனிக்கிழமை.

என் மனைவி எஸ்தரின் ஊர் சாலவாக்கம் பக்கம். அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மச்சான் என்று நான் சொல்வது அவளுடைய அண்ணன் சாமுவேலை. வார நாளில் லோடு ஆட்டோ ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை, ஷீட் போட்ட ஒரு சின்ன சபையில் பிரசங்கம் செய்வார். வேதாகமத்தில் யாருக்கு யார் எத்தனையாவது வயதில் பிறந்தார்கள் என்று எழுதியிருப்பதைக் கூட்டினால் பூமிக்கு ஆறாயிரம் வருடம்தான் வருகிறது என்பது அவர் கட்சி. நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவன். தராசு, பிரஷர் கேஜ், தெர்மாமீட்டர். கல்லுக்குள் இருக்கும் யுரேனியம் ஈயமாக மாறும் வேகம் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் அசைந்து கொடுக்காது, அதை வைத்துப் பார்த்தால் நானூற்றைம்பது கோடி வருடம் என்பது என் கட்சி.

கல்யாணமான நாளிலிருந்து இதே சண்டைதான். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நேரில், மற்ற நாளில் போனில். "சட்டம் போட்டவருக்கு அத்த மாத்தத் தெரியாதாடா?" என்று அவர் கத்துவார். "மாத்தினா மாத்தின தடம் இருக்கணும் மச்சான்" என்று நான் கத்துவேன். கடைசியில் எஸ்தர்தான் நடுவில் வந்து நிற்பாள். "ஒலகத்துக்கு வயசு எவ்ளோ வேணா இருக்கட்டும். எனுக்கு இப்ப பசிக்குது." அதோடு முடியும்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் அவருக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். எங்கோ ஒரு பாறையின் வயதைக் கண்டுபிடித்த செய்தி. வேண்டுமென்றே சீண்டத்தான். உடனே கூப்பிட்டார். "நீ சொன்னா கரெக்டாதான் இருக்கும் மாப்ள" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மனைவியை இழந்தவனிடம் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆபீஸில் நான் தப்பாகச் சொன்னாலும் சரி என்கிறார்கள். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்கிறார்கள். மிச்சம் இருந்தது மச்சான் ஒருவர்தான். அவரும் இப்படிப் பேசியதும் பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தாம்பரத்திலிருந்து காலை ரயிலில் காஞ்சிபுரம். டிக்கெட் இருபது ரூபாய்தான், ஆனால் ரயில்கள் குறைவு, நேரம் பார்த்துப் போங்கள். அங்கிருந்து உத்திரமேரூருக்குப் பஸ், கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். ஓரிக்கை தாண்டி பாலாற்றுப் பாலம் வரும். தண்ணீர் இல்லை. மணல் மட்டும் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பையை வைத்திருந்தேன்.

"பைக்கு டிக்கெட் எட்துக்கினியா நைனா?" என்றார் கண்டக்டர். "இல்லன்னா மடில வெய்யி. ஜனம் நிக்குது பாரு."

மடியில் வைத்துக்கொண்டேன். ஒருவர் என்னை அதட்டி ரொம்ப நாளாகியிருந்தது. நன்றாக இருந்தது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் மச்சான் லோடு ஆட்டோவோடு நின்றிருந்தார். இளைத்திருந்தார். அந்த வண்டியின் முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்காருவோம். எஸ்தர் நடுவில், கியர் முட்டாமல் காலை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொள்வாள். இப்போது இரண்டு பேர்தான். ஆனாலும் நான் கதவோடு ஒட்டித்தான் உட்கார்ந்தேன். அவரும் அந்தப் பக்கம் ஒதுங்கித்தான் ஓட்டினார்.

சாலவாக்கம் வரை பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். ரோட்டின் இரண்டு பக்கமும் அறுத்து முடித்த நெல் வயல், அங்கங்கே ஏரிக்கரை, குவாரிக்குப் போய்வரும் லாரிகளின் புழுதி. வழியில் ஒரு சின்னக் கல்குன்று இருக்கிறது. அதன் கீழேதான் கல்லறைத் தோட்டம். அவர் வண்டியை நிறுத்தினார். எஸ்தரின் தலைமாட்டில் கருங்கல் பலகை நட்டிருந்தார்கள். பெயர் மட்டும் இருந்தது. வசனம் எதுவும் இல்லை. பிரசங்கியாரின் தங்கை கல்லறையில் வசனம் இல்லை.

திரும்பி வந்து குன்றின் நிழலில் உட்கார்ந்தோம். நான் ஒரு கல்லை எடுத்து அவரிடம் நீட்டினேன். இது அவருடைய பழைய விளையாட்டு. எதையாவது எடுத்து நீட்டி, "இதுக்கு வயசு இன்னா, கோடியா?" என்று என்னை வம்புக்கு இழுப்பார்.

"இதுக்கு என்ன வயசு மச்சான்?"

"நீ சொல்றதுதான். கோடிதான்." கல்லை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். "பிரசங்கத்த வுட்டுட்டேன் மாப்ள. மூணு மாசம் ஆவுது. சபைய இப்ப வேற ஆளு பாத்துக்கினு கீறாரு."

எத்தனையோ வருடம் ஜெயிக்கப் பார்த்த வாதம். ஜெயித்துவிட்டேன். ஏன் என்று கேட்டேன்.

"அவ படுக்கையில கெடந்தப்ப, எய்ந்து நடப்பான்னு சபையில எல்லார் முன்னாடியும் சொன்னேன். உபவாசம் இருந்தேன். அது போவட்டும்." ரோட்டையே பார்த்துக்கொண்டு பேசினார். "ஆதாம் பாவம் பண்ணப்பறம்தான் சாவு உள்ள வந்துச்சின்னு இவ்ளோ நாளு சொல்லிக்கினு இருந்தேன். அப்ப சாவு வெளிய இருந்து வந்த திருடன். தொரத்தலாம். நீ சொல்ற மாரி கோடி வருசமா பூச்சி, புயு எல்லாம் செத்துக்கினே கீதுன்னா, அது வூட்டு ஆளு. வூட்டு ஆள நான் எங்க தொரத்தறது, சொல்லு?"

என் கணக்கில் அது திருடனும் இல்லை, வீட்டு ஆளும் இல்லை, ஒரு வேகம். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"நீங்கதானே மச்சான் சொல்வீங்க, வெள்ளத்துக்கு முன்னாடி இயற்கைச் சட்டமே வேறன்னு? மனுஷன் ஆயிரம் வருஷம்கூட வாழ்ந்தான்னு? நோவாகூடத் தொள்ளாயிரத்து அறுபத்தொம்போது…"

"அது மெத்தூசலா." தலையைத் திருப்பவில்லை.

"சரி, மெத்தூசலா. அவரும் கப்பல்ல ஏறித் தப்பிச்சாரே."

"இன்னா மாப்ள நீ!" இப்போது திரும்பினார். "ஏறினது எட்டே பேரு. அவரு வெள்ளம் வந்த வருசமே செத்துட்டாரு. கணக்கு போடத் தெரியாதா உனுக்கு? நூத்தியெம்பத்தேயு வயசுல லாமேக்கு பொறந்தாரு. அவருக்கு நூத்தியெம்பத்திரெண்டுல நோவா. நோவாக்கு அறநூறுல வெள்ளம். கூட்டு!"

கூட்டினேன். தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது. சரியாகத்தான் வந்தது.

"கூட்டல் சரி. ஆனா படைப்புல சூரியனே நாலாம் நாள்தான் வந்துதுன்னா, முதல் மூணு நாளை எதை வச்சு நாள்னு எண்ணுனாங்க?"

"டேய்!" எழுந்தே விட்டார். "வெளிச்சம் குடுக்க சூரியன் வோணும்னு ஆண்டவருக்கு யார்ரா சட்டம் போட்டது? உங்க ஆபீஸா?"

"அப்ப கடிகாரம் எது?"

"அவரு சொன்னா நாளு. அவரே கடியாரம்டா!"

ரோட்டில் போன ஒரு டிவிஎஸ்காரர் வண்டியை மெதுவாக்கி எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் கை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு கட்டத்தில் இரண்டு பேருமே சேர்ந்தாற்போல நிறுத்தினோம். வழக்கமாக எஸ்தர் பேசும் இடம் அது. லாரி ஒன்று போனது. புழுதி அடங்கியது.

அவர்தான் வண்டிச் சாவியை எடுத்தார். "பசிக்குதா மாப்ள?"

"பசிக்குது" என்றேன். நிஜமாகவே பசித்தது.

வீட்டில் அவருடைய மனைவி மேரி அக்கா, எங்களைப் பார்த்ததும் கேட்டார். "இன்னா, ரெண்டு பேரும் தொண்ட கட்டிக்கினு வந்துகீறீங்க? எத்தினி வருசத்துல நிக்குது ஒலகம்?" மச்சான் சாப்பிட உட்கார்ந்தார். சோறு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்து அக்கா சட்டென்று உள்ளே போய்விட்டார்.

அவர் மறுபடி பிரசங்கம் செய்வாரா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. கல்லின் வயதில் எனக்கு இப்போதும் சந்தேகம் கிடையாது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். உத்திரமேரூர் கல்வெட்டுக் கோயில் மதியம் மூடிவிடும், காலையிலேயே பார்த்துவிடுங்கள். சாலவாக்கம் டவுன் பஸ்ஸை நம்பினால் காத்திருக்க வேண்டும். டூவீலர் இருந்தால் நல்லது, லாரிப் புழுதிக்கு முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள். தனியாகப் போனால் திரும்பி வரும் பஸ் பயணம் ரொம்ப நீளம்.

திரும்பும்போது, பாலாற்றுப் பாலத்தில் போன் அடித்தது. எடுப்பதற்குள் நின்றுவிட்டது. பிறகு ஒரு குரல் செய்தி வந்தது. எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் மச்சான். "மாப்ள, அந்த மூணு நாளு விசயம். யோசிச்சிப் பாத்தேன். நீ சொன்னது சுத்தமா தப்பு. ஈஸ்டருக்கு வா, பேசிக்கலாம்."

காஞ்சிபுரம் வரும்வரை அதைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். பை மடியிலேயே இருந்தது.