திருவிழாவுக்கு வந்த ஜமால் பாயின் கறி

ஜமால் பாய் இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு ஃபிரிட்ஜின் பின்பக்கம் குனிந்திருந்தேன். உப்புக் காற்றில் அரித்துப்போன குழாயை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்கும் நேரம். கையில் நெருப்பு. ஃபோன் மூன்று முறை அடித்து ஓய்ந்தது. நான்காவது முறை எடுத்தேன். அவர் மகள் நஸ்ரின்.

"மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க. லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். நீங்க வருவீங்கல்ல?"

அந்தக் கடைசிக் கேள்வியை அவள் கேட்டிருக்க வேண்டியதில்லை. கேட்கும்படி நடந்துகொண்டவன் நான்.

போனேன். கூனிமேட்டில் அவருடைய கறிக்கடை மூடிக்கிடந்தது. அடக்கத்துக்கு நம் பங்குக் கோவில்காரர்கள் நீங்களும் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "பாவம், கறுப்புக் கறி பாய் போயிட்டாரு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான்கு வருடமாக எல்லோரும் அவரை அப்படித்தானே சொல்கிறோம். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்தது பாதிதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கடைக் குளிர்ப்பெட்டியைப் பழுது பார்க்கப் போய்த்தான் எங்களுக்குப் பழக்கம். ஒரு காலையில் நான் போனபோது, அறுத்த ஆட்டின் இரைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே பந்துபோலச் சுருண்ட பாலித்தீன் பைகள். கறி போட்டுக் கொடுக்கும் அதே கறுப்புப் பைகள்.

"பாருங்கண்ணே, நான் குடுத்த கவரை எனக்கே திருப்பிக் குடுத்திருக்குது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க யாருக்கும் கவரில் கறி போடவில்லை. பாத்திரம் இல்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்.

பிறகு தேக்கு இலையில் கட்டிப் பார்த்தார். சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள் ரத்தம் ஒழுகி வாடை வந்தது. கெட்டுப்போன பொட்டலங்கள் திரும்பி வந்தன. இலைதான் சரி, பிளாஸ்டிக் எந்த உருவத்தில் வந்தாலும் விஷம்தான் என்று நான் சண்டை போட்டேன். அப்போது அவர் சொன்னதை நஸ்ரினும் கேட்டிருக்கிறாள்:

"இந்த ஆடு ஒரு வருஷம் மேஞ்சிருக்குது, தண்ணி குடிச்சிருக்குது, கடைசில ஒரு உசுரு போயிருக்குது. கறி கெட்டுப்போச்சுன்னா அவ்வளவும் குப்பைதானேண்ணே? கவரு மட்டும்தான் குப்பையா?"

பிளாஸ்டிக் விஷயத்தில் நான் இன்றும் மாறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இலைக்காக அவரிடம் வாதாடவில்லை.

அவர் யோசனை இதுதான். ஒரே ஒரு கெட்டியான கவர். அதில் கறியைப் போட்டுக் காற்றை முழுவதும் உறிஞ்சி, வாயை ஒட்டி, ஐஸில் வைத்துவிட்டால் பல நாள் கெடாது. கவரைக் கழுவிக் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்கு ஒரு கை கொத்துக்கறி கூடுதல். அதற்கென்று கடையில் விற்கிற மெஷின் நம் ஊர் கரண்டுக்கும் உப்புக் காற்றுக்கும் ஆறு மாதம் தாங்காது, நானே செய்து தருகிறேன் என்றேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் நானே பிரித்துப் பார்த்துக் கற்றது. பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரைக் காற்றை உறிஞ்ச வைத்து, கனமான கண்ணாடி மூடி போட்டு, குக்கர் கேஸ்கெட்டால் அடைத்தேன். சோதிக்கக் கொண்டைக்கடலை போட்டோம். பாக்கெட் இறுகி வெளியே வந்ததும் மேஜையில் தட்டிப் பார்த்தார். "அண்ணே, இது கடலையா, செங்கல்லா?"

அதற்குப் பிறகு அவர் கறி போட்ட பாக்கெட் இரண்டைப் புதுச்சேரியில் ஒரு கல்லூரி ஆசிரியையிடம் கொண்டுபோய்க் காட்டினார். எனக்குக் கோபம் வந்தது.

"நான் கட்டின மெஷினுக்குப் படிச்சவங்ககிட்ட சர்டிபிகேட் வாங்கப் போனீங்களா?"

"மெஷினுக்கு இல்லண்ணே, கறிக்கு."

நான் காதில் வாங்கவில்லை. ஐந்து மாதம் அவர் கடைப் பக்கமே போகவில்லை. அந்த ஐந்து மாதமும் பாக்கெட் வாங்கியவர்களிடமெல்லாம் அவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். மெஷினைக் கட்டிய என் காதுக்கு மட்டும் அது வரவில்லை.

கோவில் திருவிழாச் சமையலுக்கு அந்த வருடமும் நான்தான் பொறுப்பு. வருடா வருடம் விடியற்காலையில் கறி வரும், சமைத்தது போக மிஞ்சியது கெட்டுப்போய்க் குழிக்குப் போகும். இந்த முறை பாக்கெட்டில் வாங்கலாம், வேண்டியதை மட்டும் பிரிக்கலாம் என்றார் பங்குத்தந்தை. முந்தின நாளே பாய் ஐஸ் பெட்டிகளை அனுப்பிவிட்டார். காலையில் நான் மூடியைத் திறந்தேன். ஒரு பாக்கெட்கூடச் சிவப்பாக இல்லை. எல்லாம் நாவல்பழம்போலக் கறுத்திருந்தன. ஒன்றைத் தண்ணீர்த் தொட்டி ஓரம் வெட்டித் தட்டில் கொட்டினேன். அடைத்து வைத்த வாடை குப்பென்று வந்தது.

கெட்டுப்போச்சு என்று கத்தினேன். அந்தச் சத்தம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பாய் வண்டியில் ஓடி வந்தார்.

"அண்ணே, கெடல. உள்ள காத்தே இல்ல, அதான் கறுத்திருக்குது. பிரிச்சுப் பரப்பி வைங்க, அரை மணி நேரத்துல செவந்துடும். வாடையும் போயிடும்."

"ஏன் பாய், காத்து வாங்கினா கெட்ட கறி நல்லாயிடுமா? அப்போ பீச்சுக்குக் கூட்டிட்டுப் போவோமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சமையல்காரர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது பிடித்திருந்தது.

"ஒரே ஒரு பாக்கெட் மட்டும் பிரிச்சு வெச்சுப் பாத்துட்டுப் புதைங்கண்ணே" என்றார் பாய். நான் மண்வெட்டியை எடுத்துவரச் சொன்னேன்.  அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கோவிலுக்குப் பின்னால் உப்பளம் தொடங்குகிற இடத்தில் குழி வெட்டி அத்தனை பாக்கெட்டுகளையும் கொட்டி மூடினோம். அன்று திருவிழாவுக்குச் சாம்பார் சோறு. இதுவரை உங்களுக்குத் தெரிந்தது.

தெரியாதது இது. குழியை மூடிவிட்டுக் கை கழுவத் தண்ணீர்த் தொட்டிக்குத் தனியாகப் போனேன். நான் முதலில் வெட்டிய பாக்கெட்டின் கறி அங்கே தட்டில் அப்படியே கிடந்தது. சிவந்திருந்தது. அப்போதுதான் அறுத்ததுபோல இருந்தது. குனிந்து முகர்ந்தேன். நல்ல கறி வாடைதான். யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். தட்டை எடுத்துக்கொண்டு போய், மூடிய மண்ணைக் காலால் விலக்கி, அதையும் உள்ளே தள்ளி மூடினேன்.

ஒரு மாதத்தில் அவர் பாக்கெட்டை வாங்க ஆளில்லை. மெஷின்மேல் சாக்கைப் போட்டு மூடினார். மறுபடியும் கறுப்புப் பை. அந்தப் பையை அவர் கையில் திரும்பக் கொடுத்தவன் நான்தான்.

அவர் நோயில் படுத்த பிறகு, வீட்டு ஃபிரிட்ஜைப் பார்க்கும் சாக்கில் ஒரு முறை போனேன். கட்டிலில் இருந்தபடியே சொன்னார்: "உங்க மெஷின் நல்லா இழுத்துச்சுண்ணே. அதான் அவ்வளவு கறுத்துச்சு. எங்கயாச்சும் லீக் இருந்திருந்தா செவப்பாவே இருந்திருக்கும், நீங்களும் நம்பியிருப்பீங்க."

என் வேலையை இந்த ஊரில் அதைவிடப் பெரிதாக யாரும் பாராட்டியதில்லை. தட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "கண்டென்சர்ல தூசு அடைச்சிருக்குது" என்றேன். "தட்டி விடுங்க" என்றார்.

எனக்கு யாரும் சொல்லவில்லை, கறி கறுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று இந்த நான்கு வருடமும் எனக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன். அந்த வாதம் தண்ணீர்த் தொட்டி வரைக்கும்தான் செல்லும். நான் மன்னிப்பும் கேட்கப் போவதில்லை. கொடுக்க வேண்டியவர் இல்லை.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். அன்று ஜமால் பாய் அனுப்பிய கறி நல்ல கறி. கறுப்புக் கறி பாய் என்று இனி யாரும் சொல்லாதீர்கள். அவர் நினைவாக என்னிடம் ஒரு பொருளும் இல்லை. அந்தத் தட்டில் கிடந்த சிவப்பு இருக்கிறது. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.