குழாய் வழி இறங்கிய நோன்புக் கஞ்சி

சாப்பாட்டு விஷயத்தில் சாதிக் அலியை ஏமாற்ற நெய்வேலியில் ஆளே கிடையாது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால், குவார்ட்டர்ஸ் வாசலிலேயே மோந்து பார்த்து, "என்னா, வெந்தயம் தூக்கலா வுழுந்துட்டுதா?" என்று கேட்கிற மனிதர். அப்பேர்ப்பட்டவருக்குத்தானா தொண்டையில் புற்றுநோய் வரவேண்டும்!

ஆபரேஷனில் உயிர் தப்பியது, பேச்சு போனது. மூச்சு கழுத்துத் துளை வழியாக ஓடியதால் வாசனையும் போயிற்று. விழுங்க முடியாததால் வயிற்றில் துளையிட்டு ஒரு குழாய் வைத்தார்கள். மனைவி ஜான் பீவி வேளாவேளைக்கு அரிசிக் கஞ்சியை வடிகட்டி அதில் ஊற்றுவாள். அவருக்கு அது சாப்பாடாகவே படவில்லை. நாக்கு அறியாத சோறும் ஒரு சோறா? வரவர, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் குழாயைக் கையால் பொத்திக்கொள்ள ஆரம்பித்தார். உடம்பு இளைத்துக்கொண்டே போனது. இப்படியே போனால் அடுத்த சிகிச்சையைத் தாங்கமாட்டார் என்று டாக்டர் சிவப்பிரகாசம் சொல்லிவிட்டார். ஜான் பீவி கெஞ்சினாள், அழுதாள், திட்டியும் பார்த்தாள். மனுஷன் மசியவேயில்லை.

ரமலான் பிறந்தது. தேங்காய்ப்பாலும் ஆட்டுக்கறியும் சேர்ந்து கொழுப்பு மிதக்கும் நோன்புக் கஞ்சியைப் பள்ளிவாசலில் தூக்குவாளியில் வாங்கி வந்தாள் ஜான் பீவி. அவருடைய கஞ்சித் தூக்கின் பக்கத்திலேயே அதையும் வைத்துவிட்டு, "அவருக்குக் கஞ்சி ஊத்திடு" என்று பக்கத்து வீட்டு ருக்குமணியிடம் சொல்லி, பேரீச்சம்பழம் வாங்கக் கடைக்கு ஓடினாள். இரண்டும் ஒரே மாதிரித் தூக்கு. நோன்புக் கஞ்சியைப் பற்றி ருக்குமணி என்ன கண்டாள்? கைக்கு வந்ததைத் திறந்து வடிகட்டினாள்.

"அண்ணே, கைய எடுங்கண்ணே. அக்கா வந்தா என்னத்தான் வையும்."

வேண்டாவெறுப்பாகக் கையை எடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். பாதி டம்ளர் இறங்கியது. கொஞ்ச நேரம் போயிற்று. அப்புறம் வயிற்றுக்குள் எங்கேயோ, மழையில் நனைந்து வந்தவன் காய்ந்த துணி உடுத்திய மாதிரி ஓர் இதம்! வாயில் ஒரு சொட்டு படவில்லை, மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. ஆனாலும் உள்ளே என்னவோ இன்னும் கேட்டது. சாதிக் அலி திகைத்துப்போய்க் கண்ணைத் திறந்து, 'ஊத்து' என்று சைகை காட்டினார்.

திரும்பி வந்த ஜான் பீவி தூக்கைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். "அடிப்பாவி, அது நோன்புக் கஞ்சிடி! கறி, மசாலா, எல்லாம் கெடக்குதே!"

மறுநாள் காலையில் பயந்துகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கெடுதல் ஒன்றுமில்லை.

"குடல் சுவர்ல நரம்புங்க இருக்கும்மா. கொழுப்பு வந்தா அங்க தெரிஞ்சிடும், உடனே மூளைக்குச் சேதி போகும். நாக்குல ருசியே தெரியாத எலிகூட கொழுப்பைத்தான் தேடிப் போகுதுன்னு பாத்திருக்காங்க. இவருக்கும் அப்படித்தான் இருக்கணும். மசாலா வேணாம். தேங்காய்ப்பால், எண்ணெய் கொஞ்சங்கொஞ்சமா சேத்துப் பாருங்க."

சாதிக் அலி வயிற்றின்மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமும் எல்லாம் நாக்கின் ராஜ்ஜியம் என்றல்லவா இருந்தார்! வெளிச்சமே படாத குடலுக்குள் ஒருத்தன் உட்கார்ந்து வந்ததையெல்லாம் ருசி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒருநாளாவது அவனை நினைத்ததுண்டா? யா அல்லாஹ், என்ன படைப்பு! அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அன்று மாலை ஜான் பீவி தேங்காய்ப்பால் கலந்த கஞ்சியை மெதுவாக ஊற்றினாள். "எப்டிங்க இருக்குது?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

அவர் கண்ணை மூடிக் காத்திருந்தார். பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் நேரத்துப் பாங்கு ஒலித்தது. பிறகு அவள் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து அழுத்தி, தூக்கைக் காட்டினார்.

நோன்பு திறக்கவும் மறந்து, அவள் அடுத்த டம்ளரை வடிகட்டினாள்.