அப்பாவுக்கு ரோடு சொன்ன வருஷம்

“ஏளா, என்ன வருது?”

ஜீப்பைக் கிளப்பி ரோட்டில் ஏற்றியதும் அப்பா என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேட்கும்போது என் பக்கம் திரும்பமாட்டார். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருக்கும். கண்ணை இடுக்கிக்கொண்டு, முன்கண்ணாடியில் மூக்கு இடித்துவிடும் அளவுக்குக் குனிந்திருப்பார். “ஒண்ணும் இல்லப்பா, ரோடு காலியாக் கெடக்கு” என்று நான் சொன்ன பிறகுதான் வண்டி வேகம் எடுக்கும். அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு.

இப்போது அறுபது. மகன் கார் ஓட்டும்போது முன்சீட்டில் உட்கார்ந்தால் என் வாய் சும்மா இருப்பதில்லை. “லெஃப்ட்ல ஆடு”, “எதிர்ல பஸ்ஸு”, “அந்தச் சைக்கிள்காரர் திரும்பப் போறார் பாரு.” அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வருவான். “அம்மா, எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. நீங்க கொஞ்சம் பேசாம வாங்களேன்” என்பான். பின்சீட்டில் மருமகள் சிரிப்பை அடக்குவது கண்ணாடியில் தெரியும். போன மாதம்தான் அவர்களிடம் முதல்முறையாகச் சொன்னேன், என் அப்பாவுக்குக் கண் தெரியாது என்று. ஒரு வருடம் முழுக்க அவர் கண் தெரியாமலே ஜீப் ஓட்டினார் என்று. பிறகு மகன், “கூட நீங்களும் போனீங்களா?” என்று கேட்டான். அந்தக் கேள்வியில் இருந்த கோபம் எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அது வருவதற்கு எனக்கு ரொம்ப வருடங்கள் ஆயின, அவ்வளவுதான்.

அப்பா தூத்துக்குடியில் ஓர் உப்பள முதலாளிக்கு டிரைவராக இருந்தார். அதற்கு முன்னால் பதினைந்து வருடம் அதே முதலாளியின் உப்பளத்தில் வேலை. உப்பளத்தில் நிற்பவர்களுக்கு வெயில் மேலேயிருந்து ஒரு முறை அடிக்கும், கீழே உப்பிலிருந்து இன்னொரு முறை அடிக்கும். லைசென்ஸ் எடுத்து ஜீப்பில் ஏறியபோது, இனி வெயிலுக்குத் தப்பித்தோம் என்று நினைத்திருப்பார். ஆனால் கண் அதற்குள் கெடத் தொடங்கிவிட்டது. எதைப் பார்த்தாலும் பால் ஊற்றின மாதிரி இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். காலையிலும் சாயங்காலமும் ஓரளவு தெரியும். உச்சி வெயிலில், அதுவும் உப்பளம் பக்கம் போய்விட்டால், எல்லாம் ஒரே வெள்ளை.

ஊருக்குள் அவருக்குக் கண் பெரிதாகத் தேவைப்படவில்லை. மில்லர்புரத்தில் எங்கள் வீட்டிலிருந்து முதலாளி வீடு, அங்கிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து துறைமுகம். எந்த இடத்தில் பள்ளம், எந்த முக்கில் ஹார்ன் அடிக்க வேண்டும் என்பது கைக்கும் காலுக்கும் தெரியும். சிக்கல் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். முதலாளிக்கு ஆறுமுகனேரியிலும் உப்பளம் இருந்தது. ஞாயிறு காலையில் ஜீப்பை அங்கே கொண்டுபோய், ஆபீஸ் கடிதங்களையும் சாமான்களையும் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்ப வேண்டும். திருச்செந்தூர் ரோடு. முதலாளி கூட வரமாட்டார். “சும்மா போற வண்டிதான, பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போய் அப்படியே திருச்செந்தூர் கடலக் காட்டிட்டு வாரேன்” என்று அப்பா கேட்டிருக்கிறார். அவரும் சரி என்றுவிட்டார். தெருவில் எங்களுக்கு ஏகப்பட்ட மவுசு. வாரம் தவறாமல் குடும்பத்தோடு ஜீப்பில் திருச்செந்தூர் கடலுக்குப் போகிறவர்கள் அந்தத் தெருவில் வேறு யார்?

முதல் இரண்டு மூன்று வாரம் அதை விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ரோட்டில் வருவதை யார் முதலில் சொல்வது என்று எனக்கும் தம்பிக்கும் போட்டி. தம்பிக்கு நாலு வயது. அவனுக்கு மாட்டுவண்டியும் லாரி, எருமையும் லாரி. அதனால் முன்சீட்டு எனக்கே நிரந்தரமானது. ஒரு சனிக்கிழமை, தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்த அம்மா சடையை இறுக்கிப் பிடித்தபடி சொன்னாள். “அப்பாவுக்குக் கண்ணுல பூ விழுந்திருக்குளா. நீ சொல்லுததை வச்சுத்தான் ஓட்டுதாவ. வெளிய மூச்சு விட்றாத. மொதலாளி காதுக்குப் போனா வேல போயிரும்.” ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யலாமே என்று கேட்டேன். செய்தால் சோடாபுட்டிக் கண்ணாடி போட வேண்டும், அதைப் போட்டவனை யார் டிரைவராக வைத்துக்கொள்வார்கள் என்றாள். ரிப்பன் கட்டி முடித்து, கன்னத்தைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அப்படிப் போகலாமா? போகக் கூடாது. எனக்குப் பிள்ளை பிறந்த பிறகு, இதை நினைத்து அப்பா, அம்மா இரண்டு பேர் மேலும் ஆத்திரப்பட்டிருக்கிறேன். எங்களை மட்டுமா, ரோட்டில் போன வந்த அத்தனை பேரையும் பணயம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பத்து வயதில் எனக்கு ஆத்திரம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், பெருமையாக இருந்தது. வகுப்பில் வேறு எந்தப் பிள்ளையின் அப்பாவும் அவள் சொல்வதைக் கேட்டு வண்டி ஓட்டவில்லை.

நான் என் வேலையை ஒழுங்காகச் செய்தேன். வெறுமனே ஆடு என்று சொல்லக் கூடாது. வெள்ளாடா செம்மறியா என்று சொல்ல வேண்டும். வெள்ளாடு ஹார்ன் சத்தத்துக்குச் சிதறி ஓடிவிடும். செம்மறி ஒன்று குறுக்கே விழுந்தால் மொத்தமும் குறுக்கே விழும். துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகிற லாரி என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவன் ஒதுங்கமாட்டான். பழையகாயல் தாண்டி முக்காணிப் பாலம் நெருங்கும்போது, “பாலம், பாலம்” என்று இரண்டு முறை. ஆற்றைத் தாண்டியதும் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழையும் வந்துவிடும். அந்தப் பச்சைக்குள் நுழைந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் கண் தெளியும். தோளைத் தளர்த்திக்கொண்டு, “இனிமே நீ கொஞ்ச நேரம் சும்மா இரி” என்பார்.

ஆனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வாரக்கணக்கில் ஒரு ரோட்டையே முறைத்துப் பார்க்கிற பிள்ளைக்கு ரோட்டை விட்டு வெளியேயும் கண் போகத்தான் செய்யும். உடைமரத்தடியில் உடும்பு கிடப்பது தெரிந்தது. தந்திக் கம்பியில் மண் நிறத்தில் உம்மென்று உட்கார்ந்திருக்கும் பனங்காடை பறந்தால் மட்டும் சிறகு முழுக்க நீலமாகிவிடும் என்பது தெரிந்தது. எந்த மொட்டைப் பனையில் கிளி கூடு வைத்திருக்கிறது என்பதும் தெரிந்தது. எல்லாவற்றையும் அப்பாவிடம் ஒப்பித்தேன். முதலில் சிடுசிடுத்தார். “ரோட்டச் சொல்லுன்னா பனையச் சொல்லுத. பனையா குறுக்க வரப் போவுது?” பிறகு மெல்ல அவரே கேட்க ஆரம்பித்தார். “அந்தக் கம்பிக்காரன் இன்னைக்கு இருக்கானா?” “இருக்காம்பா.” “பறந்தானா?” “இன்னும் இல்ல.” “ஹார்ன் அடிக்கட்டா?” அடிப்பார். நீலம் விரியும். நான் கத்துவேன். அவர் எதையும் பார்க்காமல், என் கத்தலைக் கேட்டுச் சிரிப்பார். பின்னாலிருந்து அம்மா, “ரெண்டு பேரும் ரோட்டப் பாருங்க” என்பாள். அந்த ‘ரெண்டு பேரும்’ எதற்கு என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

எங்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்ததே அப்பாவின் கண் கெட்டதால்தான். நல்ல கண்ணோடு இருந்திருந்தால் தனியாகவே போய்விட்டு வந்திருப்பார். எனக்கு உடும்பும் தெரிந்திருக்காது, பனங்காடையும் தெரிந்திருக்காது. இதற்காக நான் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அது பங்குனி மாதம். கிளம்பும்போதே தாமதம். பழையகாயலுக்கு முன்னால் ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளம் வரும் இடத்தை நாங்கள் அடைந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. பாத்திகளில் உப்பு பூத்திருந்தது. ஓலை வேய்ந்த உப்புக் குவியல்கள் வரிசையாக நின்றன. அப்பா ஒரு கையை நெற்றிக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டினார். “என்ன வருது?” என்றார். “ஒண்ணும் இல்லப்பா” என்றேன். அந்த நேரத்தில் அது உண்மைதான்.

அப்போதுதான் இடது பக்கம், தூரத்துத் தண்ணீர்ப் பாத்தியில் அவற்றைப் பார்த்தேன். முதலில் துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு துணி நடந்தது. குச்சிக் காலும் வளைந்த கழுத்துமாக நூறு இருக்கும், இருநூறும் இருக்கும். பூநாரை என்ற பெயரெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான். ஒன்று சிறகை விரித்தது. உள்ளே ரோஸ் நிறம். அடுத்து பத்து, இருபது விரித்தன. சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எதைச் சொல்வது, கொக்கு என்றா? வாய் திறந்தபடியே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

“அப்பா” என்று நான் கத்தவில்லை. அம்மாதான் கத்தினாள். ஜீப்புக்கு முன்னால் பனையோலைக் கட்டு வைத்த சைக்கிள். அப்பாவுக்கும் கடைசி நொடியில் ஏதோ கருப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டியரிங்கை ஒடித்தார். ஜீப் ரோட்டை விட்டு இறங்கி, வரப்பை உடைத்துக்கொண்டு உப்புப் பாத்திக்குள் பாய்ந்து, அச்சு வரை இறங்கி நின்றது.

யாருக்கும் பெரிய அடியில்லை. அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. தம்பி அழுதான். சைக்கிள்காரர் ஓலைக்கட்டோடு ரோட்டோரம் விழுந்திருந்தார். வயதானவர். எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு வந்தார். தலையில் துண்டும் சேலைக்கு மேல் சட்டையுமாக உப்பளத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த மேஸ்திரி எங்கள் முதலாளியின் சொந்தக்காரர். அப்பா அவரைக் குரலை வைத்துக் கண்டுபிடித்தார். முகம் செத்துவிட்டது.

“ஏலே, கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?” என்று பெரியவர் கத்தினார்.

“இரும் அண்ணாச்சி” என்று மேஸ்திரி அவரை அமர்த்தினார். அப்பாவிடம் திரும்பி, “என்ன, பிரேக்கு பிடிக்கலயா?” என்றார். நல்ல மனுஷன். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அப்பா கரையேறியிருக்கலாம். பழைய ஜீப், பிரேக் பிடிக்கவில்லை என்றால் யாரும் சந்தேகப்படப் போவதில்லை.

அதற்குள் அம்மா என்னைக் கையைப் பிடித்து இறக்கி, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? எங்கனளா பாத்துக்கிட்டிருந்த? கொன்னுட்டியேளா எல்லாரையும்.” இன்னொன்று விழுந்தது. வலி எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னது சரி என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பெரியவர் செத்திருந்தால் கொன்றது நான்தானே.

“அவள அடிக்காத” என்றார் அப்பா. பாத்தியில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அம்மா கையை இறக்கினாள். “பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி” என்று மேஸ்திரியிடம் சொன்னார். பிறகு, சைக்கிள்காரர் நிற்கும் பக்கமாகத் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “அவிஞ்சுதான் போச்சு. ஒரு வருசமா எனக்குக் கண்ணு தெரியல. பிள்ள மேல ஒரு தப்பும் கெடையாது.”

பெரியவர் திரும்பிப் போய், விழுந்து கிடந்த ஓலைக்கட்டைத் தூக்கிச் சைக்கிளில் வைத்துக் கட்டத் தொடங்கினார்.

மறுநாள் காலையில் அப்பா சாவியைக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்தார். முதலாளி திட்டினார், அதில் ஒரு நியாயம் உண்டு. அப்பாவுக்கு ஆபரேஷன் ஆயிற்று, கட்டுப் போட்டுக் கிடந்தார், சோடாபுட்டிக் கண்ணாடி வந்தது. பிறகு உப்பு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில் வாட்ச்மேன் ஆனார். வீட்டில் கஷ்டம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் அவர்தான் உட்கார்வார். “அந்தா பாருளா, பனங்காடை” என்று, எனக்குக் கண் தெரியாத மாதிரி எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிக்கொண்டே வருவார். சாகிற வரைக்கும் அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை.

ஆனால் அன்றைக்கே ஒன்று கேட்டார். பெண்களும் மேஸ்திரியும் ஜீப்பை இழுப்பதற்குக் கயிறு தேடிப் போயிருந்தார்கள். அம்மா தம்பியை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். அப்பா வரப்பில், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கால் முழுக்க உப்பு.

“அப்படி என்னத்தளா பாத்த?” என்றார்.

சொன்னேன். அழுகைக்கு நடுவில் சொன்னேன்.

“ரோஸ் கலரா? பறவையா?”

“ஆமாப்பா. சிறகுக்குள்ள.”

“எந்தப் பக்கம்?”

அவர் கையைப் பிடித்து நீட்டிக் காட்டினேன். அந்தத் திசைக்கு முகத்தைத் திருப்பி, கண்ணை அகலத் திறந்துகொண்டு பார்த்தார். “இன்னும் நிக்கா?” என்றார்.

நான் பார்த்தேன். ஜீப் விழுந்த சத்தத்துக்கே எல்லாம் கிளம்பிப் போயிருக்க வேண்டும். வெறும் தண்ணீர்தான் கிடந்தது. அந்த ஒரு வருடத்தில் இல்லாத எதையும் நான் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் யாராவது செத்துப்போவார்கள் என்ற பயத்திலேயே இருந்திருக்கிறேன். இனிமேல் அந்தப் பயம் தேவையில்லை. இனி அப்பா ஓட்டமாட்டார்.

“நிக்குப்பா” என்றேன். “எல்லாம் நிக்கு. ஒண்ணு ஒத்தக் கால்ல நிக்கு. ஒண்ணு தண்ணிக்குள்ள தலையை விடுது. இந்தா, இப்ப ரெண்டு சிறகை விரிக்கு.”

“நல்லாருக்குல்லா” என்றார் அப்பா, காலியான பாத்தியைப் பார்த்துக்கொண்டு.

கயிறோடு அவர்கள் திரும்பி வரும்வரை நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன்.