மைசூருக்கு யார் ஓட்டுவது

மைசூருக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று முதலில் சொன்னது என் மகள்தான். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குப் புனேயில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு அவளும் அங்கே போய்விடுவாள்.

ஒரு திங்கட்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது, "கல்யாண வேலை எல்லாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாம மூணு பேர் மட்டும் எங்கயாவது போலாம் டாடி. சனிக்கிழமை காலைல கிளம்பினா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துடலாம்" என்றாள்.

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவள். அவளே, "இந்த ஒரு ஞாயித்துக்கிழமை மைசூர்லயே சர்ச்சுக்குப் போய்க்கலாம்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து நாளாகியிருந்தது.

காரை யார் ஓட்டுவது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அதற்கு ஏழு மாதம் முன்பு, மூக்குக்கண்ணாடி மாற்றலாம் என்று ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். தனியாகத்தான் போனேன். டாக்டர் என்னை ஒரு மெஷினில் உட்காரவைத்தார். கவிழ்த்த வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருக்கும். தாடையை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றி எங்கே வெளிச்சம் மின்னினாலும் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வருவது நின்றுவிட்டது.

"மெஷின் நின்னுபோச்சும்மா" என்றேன் நர்ஸிடம்.

"இல்ல சார், ஓடிட்டுதான் இருக்கு. நீங்க பாத்துட்டே இருங்க" என்றாள்.

அப்புறம் டாக்டர் ஒரு காகிதத்தைக் காட்டினார். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும் அந்த டாக்டருக்கு. இடது பக்கம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. "கண்ணுல பிரஷர் ஏறி நரம்பு கெட்டுப்போயிருக்கு சார். போனது போனதுதான். இருக்கறத காப்பாத்தணும். சொட்டு மருந்த ஒரு நாளும் விடக்கூடாது. கார் ஓட்டறீங்களா?"

"எப்பவாவது" என்றேன். பொம்மசந்திராவில் நான் வேலை பார்க்கும் ஃபேக்டரிக்குப் பத்தொன்பது வருடமாக தினமும் காரில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

"நிறுத்திடுங்க."

மறு வாரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். வீட்டில், டிராஃபிக் தாங்க முடியவில்லை என்றேன். பெங்களூரில் அதைவிட நம்பத்தகுந்த காரணம் கிடையாது. ஆஸ்பத்திரி ஃபைலை ஆபீஸ் டிராயரில் பூட்டினேன். சொட்டு மருந்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு பாத்ரூமில் போட்டுக்கொண்டேன்.

ஏன் மறைத்தேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். நேராகப் பார்த்தால் எனக்கு எல்லாம் தெரிந்தது. பேப்பரைப் பொடி எழுத்துவரை படித்தேன். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் உண்மை வேறு. எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுகிறவன் நான். ஆஸ்பத்திரிக்கு, ஏர்போர்ட்டுக்கு, சாவு வீட்டுக்கு, எங்கே போவதென்றாலும் என்னைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பார்வை போய்விடுமே என்று பயந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போகும்போது மட்டும், "நீயே ஓட்டு, பழகணும்ல" என்று மகளிடம் சாவியைக் கொடுப்பேன். நல்ல அப்பா என்று அவளும் நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மனைவி ஒரு பழைய நோட்டில் எழுத ஆரம்பித்தாள். ஃபிளாஸ்க், போர்வை, தலைவலி மாத்திரை, வழியில் கொறிக்க முறுக்கு. மகள் ஃபோனில் லாட்ஜ் பார்த்துக்கொண்டே, "விடியக்காலைல நாலரைக்குக் கிளம்பிடணும். ஆறு மணிக்கெல்லாம் பிடதில தட்டே இட்லி" என்றாள்.

"இருட்டுல எதுக்குப் போகணும்? ஏழு மணிக்குக் கிளம்பலாம்" என்றேன்.

"ஏழு மணின்னா ஊரத் தாண்டவே ஒம்பதாயிடும் டாடி."

"அப்ப டிரெயின்ல போலாமே. நிம்மதியா இருக்கும்."

மனைவி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "முப்பது வருஷத்துல உங்க வாயால டிரெயின்னு நான் கேட்டதில்ல."

பிரேக்கில் ஏதோ சத்தம் வருகிறது என்றேன். சர்வீஸ் செய்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை என்றாள் மகள். முதுகு வலி என்றேன். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்றாள். ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்தாள். அவள் குரலில் உற்சாகம் குறைந்துகொண்டே வந்ததையும் கவனித்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் சமையலறையில் மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஏங்க, உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல ஏதாவது மனக்குறை இருக்கா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்களப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா? அவளோட ஒரு நாள் வெளிய வரக்கூட உங்களுக்கு மனசு வரலையே."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். ஆனால் அதை எப்படிச் சொன்னால் அவள் நம்பமாட்டாளோ அப்படிச் சொன்னேன். அவள் தப்பாகவே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் வெட்கமான இடம் அதுதான்.

அன்றைக்கே ஒரு முடிவுக்கும் வந்தேன். மெதுவாக, ஜாக்கிரதையாக நானே ஓட்டிவிடுவது. எத்தனை வருடம் ஓட்டிய ரோடு.

வியாழக்கிழமை சீக்கிரம் வீடு திரும்பி, டயருக்குக் காற்றடிக்கக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சாயங்காலம் ஐந்து மணி, நல்ல வெளிச்சம். எங்கள் தெரு முனையில் நின்று, இடது பக்கம் பார்த்தேன். பார்த்தேன் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. ரோடு காலியாக இருந்தது. மெல்ல முன்னால் நகர்ந்தேன். சத்தம் கேட்டது.

ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. ஒரு பெண் எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் யூனிஃபார்மில் ஏழெட்டு வயதுச் சிறுமி, மோவாயில் கை வைத்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வந்தது.

"கண்ணு காணல்வா ரீ?" என்றாள் அந்தப் பெண் கன்னடத்தில். கண் தெரியவில்லையா என்று. இந்த ஊர் ரோட்டில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். நான் இறங்கி, கார்க் கதவைப் பிடித்தபடி நின்றேன். முனையில் பூ விற்கிற அம்மாள்தான், "நின்னுனே கீறியே சார், மொதல்ல கொழந்தையப் பாரு" என்று அதட்டினாள்.

காரை அங்கேயே ஓரமாக விட்டுவிட்டு, ஆட்டோவில் இருவரையும் கிளினிக்குக் கூட்டிப்போனேன். மூன்று தையல் போட்டார்கள். சிறுமி அழவில்லை. மறுநாள் பள்ளியில் டான்ஸ் இருக்கிறது, டான்ஸ் இருக்கிறது என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"நந்தே தப்பும்மா" என்றேன், என் தப்புதான் என்று.

"கொத்து" என்றாள் அந்தப் பெண். தெரியும் என்று அர்த்தம். பிறகு வீட்டு விலாசத்தைக் கொடுத்தாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். "கார் எங்க டாடி?" என்று மகள் கேட்டாள். சாப்பாட்டு மேஜையில் நோட்டு திறந்திருந்தது. பக்கத்தில் மூன்று பைகள், என்னுடையதில் சட்டைகூட மடித்து வைத்தாயிற்று. உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னேன். பிறகு ஏழு மாதக் கதையையும் சொன்னேன்.

மனைவி நாற்காலியை நகர்த்தி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "என் மூக்கையே பாருங்க" என்று சொல்லி, கையை என் இடது பக்கம் எங்கேயோ நீட்டினாள்.

"இப்ப தெரியுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல."

மூன்றாவது முறை அவள் விரல்கள் அவள் காதுக்கு மிகப் பக்கத்தில் திடீரென்று தோன்றின. தெரிகிறது என்றேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி இருந்தாள்.

மகள் நின்றுகொண்டே கேட்டாள். "போன மாசம் மண்டபம் பாக்கப் போனோமே. நான், மம்மி, அவரோட அம்மா எல்லாரும் உக்காந்திருந்தோம். நீங்கதான ஓட்டினீங்க. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் ஓட்டினீங்க."

"ஆமா."

அவள் அறைக்குள் போய்விட்டாள். பிறகு அவளே சாவியை எடுத்துக்கொண்டு போய், தெரு முனையிலிருந்து காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை அவளும் நானும் அந்தச் சிறுமியைப் பார்க்க லிங்கராஜபுரம் போனோம். மகள் கலர் பென்சில் பெட்டி ஒன்று வாங்கியிருந்தாள். அந்த அம்மா எங்களை உள்ளே கூப்பிடவில்லை. சிறுமி மோவாயில் பிளாஸ்திரியோடு வாசலுக்கு வந்தாள். டான்ஸுக்குப் போகவில்லை. நான் என் கண்ணைப் பற்றிச் சொன்னேன், இனிமேல் ஓட்டமாட்டேன் என்றேன். ஸ்கூட்டரைச் சரிசெய்து தருகிறேன் என்றேன். அதற்கு மட்டும் அந்த அம்மா தலையாட்டினாள். பென்சில் பெட்டியை, "பேடா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்று. திரும்பும்போது ஆட்டோவில் அந்தப் பெட்டி எங்கள் நடுவில் இருந்தது.

மைசூர் அத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை ஆறு மணிக்கு மகள் சாவியோடு வந்து நின்றாள்.

"கிளம்புங்க."

"நீ அந்த ரோட்டுல ஓட்டினதே இல்லையே."

"அதனால என்ன? எனக்குக் கண்ணு தெரியும்."

மனைவி, "ஏய்" என்றாள். மகள் பைகளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

நான் முன்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்தேன். பிடதிவரை அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. லாரி பக்கத்தில் வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை என் கால் மிதித்தது. அவள் தோள் இறுகியிருந்தது. பயந்துகொண்டேதான் ஓட்டினாள், ஆனால் நன்றாக ஓட்டினாள். அதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இட்லிக் கடையில் என் தட்டில் சட்னி தீர்ந்ததைப் பார்த்துவிட்டு, தன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மைசூரில் மத்தியானம் மகள் லாட்ஜில் தூங்கிவிட்டாள். நானும் மனைவியும் ஏரிக்கரையில் நடந்தோம். கூட்டம் வந்தபோது அவள் என் இடது பக்கத்துக்கு மாறிக்கொண்டாள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"கண்ணப் பத்திச் சொல்லல, சரி, பயம்னு வெச்சுக்கறேன். புதன்கிழமை நான் மாப்பிள்ளை வீட்டப் பத்திக் கேட்டேனே. அப்படியே விட்டீங்களே. யாரை நம்பி நம்ம புள்ளையக் குடுக்கறோமோன்னு நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

"பக்கத்துலதான் படுத்திருந்தேன்."

மன்னித்துவிடு என்று சொன்னேன். பொழுது சாய்ந்து குளிர ஆரம்பித்துவிட்டது, போகலாம் என்று அவள் எழுந்தாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மகள் இப்போது புனேயில் இருக்கிறாள். மனைவி இந்த வயதில் டிரைவிங் கிளாஸுக்குப் போகிறாள். இரண்டு முறை டெஸ்டில் தவறிவிட்டாள், மூன்றாவதற்குத் தேதி வாங்கியிருக்கிறாள். என் கண் இருந்த நிலையில் நிற்கிறது என்கிறார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் ஃபோன் செய்வாள். என்னோடு நன்றாகவே பேசுவாள், சாப்பாடு, மழை, ஆபீஸ் என்று. பிறகு மம்மியிடம் கொடுங்கள் என்பாள். மனைவிக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஃபோன் சத்தமாகத்தான் இருக்கும், எனக்கும் கேட்கும்.

"கார் சாவி உங்ககிட்டதான இருக்கு?"

"எங்கிட்டதான் இருக்கு" என்பாள் மனைவி.