ஈ டிரிப்பும் ஒரு ஓட்டும்

டிரைவருக்கு வயிற்றெரிச்சல் என்றால் அப்படி இப்படி இல்லை. சகலை புதுச் சட்டை போட்டால் இவருக்கு உடம்பு அரிக்கும். சகலை என்பவர் மனைவியின் அக்கா வீட்டுக்காரர்; மூன்று வேன் வைத்து வாடகைக்கு விடுகிறார். மாமனார் வீட்டில் அவர் ‘பெரிய மாப்பிள்ளை’. இவர் வெறும் ‘டிரைவர் மாப்பிள்ளை’. இருபத்திரண்டு வருஷமாக அரசாங்க பஸ் ஓட்டுகிற மனிதனுக்கு எரிய இது போதாதா?

மதியம் இரண்டு பத்துக்குக் கல்குவாரிக்குப் போகும் டிரிப் இவருடையது. டிப்போவில் அதற்கு ‘ஈ டிரிப்’ என்று பெயர். ஐம்பது பேர் உட்காரும் பஸ்ஸில் மூன்று பேர் ஏறினால் அன்றைக்குக் கூட்டம். சில நாள், ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்பும் ஒரே ஒரு அம்மாள்தான்.

“அண்ணே, இன்னைக்கும் ஈ ஓட்டத்தான் போறோமா?” என்று கண்டக்டர் கிண்டல் செய்வார்.

“ஆள் இருக்கற இடத்துக்கு எவன் வேணாலும் ஓட்டுவான்யா. ஆளே இல்லாத இடத்துக்கும் ஓட்டணும் பாரு, அதுக்குத்தான் கவர்மெண்ட்!” என்பார் இவர்.

அரசியலில் இவருக்கு இருந்த ஒரே கருத்து அதுதான். டீக்கடையில் சொன்னால், “உனக்குச் சம்பளம் வருது, நீ வேற என்ன சொல்லுவ?” என்று வாயை அடைத்தார்கள். வீட்டில் சொன்னால், மனைவி துணி மடித்துக்கொண்டே “ம்” என்பாள். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று இவர் கேட்டதில்லை.

அந்த முறை தேர்தலில் ஊர் முழுக்க இதே பேச்சுத்தான். நஷ்டத்தில் ஓடும் பஸ்களைத் தனியாருக்கு விற்றுவிடலாம் என்றது ஒரு கட்சி, கூடாது என்றது இன்னொன்று. விற்கிறவர்கள் வந்தால் முதலில் நிற்கப்போவது ஈ டிரிப். அடுத்து, ஓய்வுபெற ஐந்தே வருஷம் இருக்கிற இவர் வேலை. ஓட்டு யாருக்கு என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுச் சாப்பாட்டில் பேச்சு கிளம்பியது. இவர் வாயைத் திறப்பதற்குள் சகலை கை கழுவிவிட்டு, துண்டால் துடைத்தபடி தொடங்கினார்.

“நான் வண்டி வச்சுப் பிழைக்கறவன், நானே சொல்றேன் மாமா. ஆள் இருக்கற இடத்துக்கு எவன் வேணாலும் ஓட்டுவான். ஆளே இல்லாத இடத்துக்கும் ஓட்டணும் பாருங்க, அதுக்குத்தான் கவர்மெண்ட்!”

ஒரு எழுத்து மாறவில்லை! போன மாதம் வேன் மக்கர் பண்ணி, சகலை ஈ டிரிப்பில் ஏறி வந்தபோது இவர் வாயால் கேட்டதுதான் அது. டிரைவர் சொன்னால் சுயநலம், முதலாளி சொன்னால் தத்துவம். நல்ல நியாயம்!

“அடடா, என்ன பேச்சு!” என்றார் மாமனார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கையில் கரண்டியோடு நின்ற மனைவி, “எவ்வளவு அழகா சொல்றாரு அத்தான்!” என்றாள். டிரைவருக்கு உள்ளே பற்றிக்கொண்டது. ‘அது நான் சொன்னதுடி’ என்பது தொண்டை வரை வந்தது. வாயில் வந்தது வேறு.

“அதெல்லாம் பழைய பேச்சு. நஷ்டத்துல எத்தனை நாளைக்கு ஓட்டறது? வித்துத் தொலைக்க வேண்டியதுதான்.”

“என்ன சகலை, உங்க வேலைக்கு நீங்களே வேட்டு வைக்கறீங்க!” என்று சகலை சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

அதன்பின் ஓட்டு நாள் வரை பத்து நாளும் ஒரே நினைப்பு. விற்கக் கூடாது என்கிற கட்சி ஜெயித்தால் என்ன ஆகும்? ‘பெரிய மாப்பிள்ளை அன்னைக்கே சொன்னாரு’ என்று ஆயுசுக்கும் கேட்க வேண்டும். ஓட்டுப் போடும் மறைப்புக்குள் நின்றபோதும், துண்டால் கை துடைக்கும் அந்த முகம்தான் கண்ணில் நின்றது. சனியன்! விற்கிறவர்களுக்கே குத்திவிட்டு வெளியே வந்தார். ஒரு நிமிஷம் உச்சி குளிர்ந்துபோனது.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி சொன்னாள்: “நான் விக்கக் கூடாதுங்கறவங்களுக்குத்தான் போட்டேங்க. அன்னைக்கு நீங்க ஏதோ கோவத்துல பேசிட்டீங்க.”

“ஆமா, உங்க அத்தான் அழகா சொன்னாரே!”

அவள் நின்றுவிட்டாள். “அத்தானா? இத்தனை வருஷமா அந்தப் பேச்சை உங்க வாயால கேக்கறவ நானு. அவ்வளவு பெரிய மனுஷன் உங்க பேச்சைத் திருடிப் பேசறாரேன்னு எனக்குப் பெருமை தாங்கல. அதான் எல்லார் முன்னாலயும் அழகா இருக்குன்னு சொன்னேன். நீங்களும் அதுக்குத்தானே போட்டீங்க?”

“பின்னே?” என்றார்.

மூன்றாம் நாள் விற்கிறவர்கள் ஜெயித்தார்கள். சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவரின் தோளில் மனைவி கை வைத்தாள்.

“விடுங்க. நம்ம ரெண்டு ஓட்டும் சரியாத்தானே விழுந்துச்சு.”