காப்புக் கட்டாத கையில் என் மகள்

எண்பதுகளில் மழை பொய்த்த ஓர் ஆடி மாதம், என் மகள் செல்வி சாகக் கிடந்தாள். நான்கு வயது. உத்திரமேரூர் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. எங்கள் மாரியம்மன் அவளை எனக்குத் திருப்பித் தந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இலங்கைச் சண்டைக்குத் தப்பி வந்தவர்களை ஊர்க்கோடியிலிருந்த பழைய ரைஸ் மில்லில் தங்க வைத்திருந்தார்கள். மில் கிணறு வற்றிவிட்டது. ஏரிக்குட்டையில் மாடு கலக்கிய தண்ணீரைத்தான் அவர்கள் மொண்டு குடித்தார்கள். வாந்திபேதி அங்கே வந்தது. புவனா என்பவளின் ஒரே மகன் அதில் போய்விட்டான். பிறகு ஊருக்குள்ளும் நுழைந்தது.

அம்மனுக்குக் கோபம் என்று ஊர் கூடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியது. கட்டிவிட்டால், விழா முடியும்வரை ஊரார் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டு இல்லை. மில்லில் இருந்தவர்களை யாரும் ஊராராக நினைக்கவே இல்லை.

மறுநாளே செல்விக்கும் வாந்திபேதி கண்டது. தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று அதையும் நிறுத்தியிருந்தோம். மதியத்துக்குள் கண் குழிவிழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் யாராவது துணைக்குத் தங்க வேண்டுமே! மாமியார் வாசலை மறித்தார்.

"நீ போய்த் தங்கினா ஊருக்கே ஆவாது. தாயாண்ட போய் அழுவு, போ."

செல்வியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய் அழுதேன். "உன் கட்டையும் மீற முடியவில்லை, இவளையும் விட முடியவில்லை. நீயே ஓர் ஆளை அனுப்பு, தாயே" என்று கேட்டேன்.

மகன் இறந்த தீட்டு என்று கோயிலுக்கு வெளியே நின்ற புவனா அதைக் கேட்டுக் கூப்பிட்டாள். "அக்கா, பிள்ளையை என்னட்டத் தாங்கோ. எனக்கு ஆர் காப்புக் கட்டினது?"

செல்வியை அவள் கையில் கொடுத்தேன். மூவரும் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தண்ணீரை நிறுத்தியதற்கு நர்ஸ் என்னைக் கிழித்துவிட்டார். நான் பகலில் போய் இருட்டுமுன் திரும்புவேன். இரவெல்லாம் புவனாதான் செல்வி பக்கத்தில். விழா முடிந்த அன்று, செல்வி அவள் இடுப்பில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தாள்.

அதன் பிறகு, மில்லில் இருந்தவர்களும் ஊர்க்கிணற்றில் தண்ணீர் சேந்த வேண்டும் என்று சண்டை போட்டு ஜெயித்தேன். அடுத்த ஆடியில் அவர்களுக்கும் காப்புக் கட்ட ஊர் சம்மதித்தது. புவனா மட்டும் கையை நீட்டவில்லை.

"வேண்டாம் அக்கா. ஒராள் எண்டாலும் கட்டாமல் இருக்கட்டும்."

நம்பிக் கேளுங்கள், தாய் தருவாள். யார் கையில் கொடுத்தனுப்புவது என்பதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள்.